துணிக்கு முன்னால் தண்ணீர்: சாம்பியன் ரீப்ஸில் புது வண்டியின் முதல் வருடம்

புது கார் எடுத்தவர் ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே நீளக் கைப்பிடி வைத்த ஒரு டஸ்டரை வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்வார். கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீப்ஸ், மாரிகுப்பம், ஆண்டர்சன்பேட்டை பக்கம் வீடு இருந்தால் அந்த டஸ்டர் வண்டியின் வெளிப்பக்கத்தில் ஒருமுறைகூடப் படக் கூடாது. இந்த அத்தியாயத்தில் சொல்லியிருக்கும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலும் போதும், மூன்று வருடம் கழித்து உங்கள் வண்டியின் பளபளப்பு பாதியாவது மிஞ்சியிருக்கும்.

காரணம் நம் ஊர்த் தூசி. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கிய நாளிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது வரை, பூமிக்கு அடியிலிருந்து வந்த தாதுக் கல்லை மில்லில் மாவாக அரைத்து, பிற்பாடு சயனைடு கரைசலிலும் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே கொட்டினார்கள். அந்த மிச்சம்தான் நாம் சயனைடு மலை என்று சொல்லும் மேடுகள். மொத்தம் 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல். கோலார் தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். அதனால் அந்த மாவில் பெரும்பங்கு பொடியாக்கப்பட்ட குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண கத்தி, ஜன்னல் கண்ணாடி இரண்டும் ஏறக்குறைய 5.5. கண்ணாடியையே கீறும் தூள் உங்கள் பானெட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் டஸ்டரை ஓட்டுவது உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

கீறப்படுவது எது என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் இருக்கலாம். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான்தான். வீட்டில் பெமல் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால் மைக்ரான் என்றால் என்ன என்று அவரே சொல்லுவார்: ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அந்தப் பூச்சுதான் வெயிலையும் மழையையும் தாங்குகிறது, பளபளப்பையும் தருகிறது. ஒருமுறை தேய்ந்த கிளியர் கோட் திரும்ப வளராது. பாலிஷ் போட்டுக் கீறலை மறைப்பதென்றால், கீறல் இல்லாத ஆழம் வரை மேல்பரப்பை இன்னும் கொஞ்சம் சீவி எடுப்பது என்றுதான் பொருள்.

இரவில் செல்போன் டார்ச்சை ஏதாவது ஒரு பழைய கறுப்பு வண்டியின் கதவில் நேராக அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரியும். டிடெய்லிங் தொழிலில் இதை ஸ்வெர்ல் என்பார்கள். விபத்தில் வந்த கீறல்கள் இல்லை அவை. தினமும் காலையில் அன்போடு துடைத்த கையால் வந்தவை. வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளிலும் இதே கோடுகள் உண்டு. கண்ணுக்கு எளிதில் படாது, அவ்வளவுதான். கறுப்பிலும் அடர்நீலத்திலும் ஆறே மாதத்தில் தெரிந்துவிடும்.

இந்த ஊரில் ஆபத்தான காலம் இரண்டு. ஒன்று, மழைக்கு முன்பான கோடையும் அதையடுத்து வரும் ஆடிக் காற்றும். மேட்டின் மேல்தோல் காய்ந்து, காற்று அதை நேராகச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் மேல் கொண்டுவந்து இறக்கும். இரண்டாவது மார்கழி. நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருப்பதால் பனி நன்றாக இறங்கும். ராத்திரி விழுந்த தூசி மேல் பனி இறங்கி, விடியற்காலையில் வண்டி முழுக்கச் சாம்பல் நிறக் குழம்பு பூசினாற்போல் நிற்கும். அதுதான் ஈரமாகிவிட்டதே என்று ஒரு பழைய வேட்டித் துணியால் இழுத்துத் துடைப்பவர்களே அதிகம். பனி ஈரம் தூசியை ஒட்டவைக்குமே தவிர மிதக்கவைக்காது. தூசி மிதந்து வழிந்து போக வேண்டும், அதற்குத் தண்ணீர் ஓட வேண்டும். அவசரமாக ஆபீஸுக்குக் கிளம்பும் நாளில் முன் கண்ணாடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி வைப்பரைப் போடுங்கள். பின் கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் போதும். பானெட் அழுக்காகவே பெங்களூர் போய் வரட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

தண்ணீர் ஓட வேண்டும் என்று சொன்னதும், இந்த ஊரில் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் வறட்சி கடுமையானபோது பெங்களூர் குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவத் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. குழாய் வரும் நாளைப் பார்த்துக் குடங்களை வரிசை வைக்கும் தெருவில், ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு வண்டி கழுவுவது தவறு என்பதே என் கருத்து. ஹோஸில் நிமிஷத்துக்கு 10, 15 லிட்டர் போய்விடும். நல்ல வேளையாக, சுத்தமாகக் கழுவுவதற்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம். 35 லிட்டரில் ஒரு சின்ன காரை ஒழுங்காகக் கழுவலாம்.

அதற்கு வேண்டிய முக்கியமான சாமான் ஒன்று கார் கடையில் கிடைக்காது, விவசாயச் சாமான் கடையில் கிடைக்கும். தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் 5 லிட்டர் கை பம்ப் ஸ்பிரேயர். புதிதாக வாங்குங்கள், ஏற்கெனவே பூச்சி மருந்து ஊற்றியதை எடுக்காதீர்கள். இதோடு இரண்டு பக்கெட், மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, தடித்த மைக்ரோஃபைபர் டவல் இரண்டு, கார் ஷாம்பு ஒரு புட்டி. டவல் வாங்கும்போது அட்டையில் ஜி.எஸ்.எம். எண்ணை (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பாருங்கள், துடைக்க 400க்கு மேல் இருந்தால் நல்லது. ஷாம்புவில் பி.எச். நியூட்ரல் என்று போட்டிருக்க வேண்டும். துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்தவை அவை, வண்டி மேல் போட்ட வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். டயரும் பிளாஸ்டிக்கும் பளபளக்க டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைக்கும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் இருக்கிறது. ரப்பரை அது ஊதவைத்துக் கெடுக்கும். உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள்.

கழுவும் முறை இதுதான். வெயில் ஏறும் முன், அல்லது சாயங்காலம், வண்டி நிழலில் நிற்க வேண்டும். பானெட்டைப் புறங்கையால் தொட்டால் சூடு தெரியக் கூடாது. சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து திட்டாகிவிடும். ஸ்பிரேயரில் தண்ணீரும் சில சொட்டு ஷாம்புவும் போட்டு, பம்ப் அடித்து, கூரையிலிருந்து ஆரம்பித்துக் கீழ்நோக்கி மெதுவாகத் தெளியுங்கள். இப்போது வண்டியைத் தொடாமல் நின்று கவனியுங்கள். கொஞ்ச நேரத்தில் கதவின் மேலிருந்து கீழாகச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் இறங்க ஆரம்பிக்கும், ஓரத்தில் வந்து கலங்கலாகச் சொட்டும். அதுதான் மேட்டிலிருந்து வந்த குவார்ட்ஸ். நீங்கள் கை வைக்காமலே அது இறங்கிப் போகிறது. நாலைந்து நிமிஷம் விட்டு, காய்வதற்குள், வெறும் தண்ணீரால் இன்னொரு முறை தெளியுங்கள். ஆடி மாதம் என்றால் இந்தச் சுற்றை இரண்டு தரம் செய்யலாம். சொட்டும் தண்ணீர் தெளிவான பிறகுதான் கையுறை.

இரண்டு பக்கெட்டில் ஒன்று ஷாம்புத் தண்ணீர், இன்னொன்று வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியை மட்டும் கழுவுங்கள், கூரையில் பாதி, அல்லது ஒரு கதவு. அழுத்த வேண்டாம், கையுறையின் எடையே போதும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். அடுத்து கையுறையை வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு. கடைசியில் அந்த இரண்டாவது பக்கெட்டைச் சாய்த்து அடியில் பாருங்கள். வண்டல் படிந்திருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். ஒரே பக்கெட்டில் கழுவியிருந்தால் அந்த நறநறப்பு முழுவதும் கையுறை வழியாக மறுபடி பெயின்ட்டுக்கே போயிருக்கும். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் எப்போதும் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி, அது வேறு எந்த இடத்திலும் படக் கூடாது. பிரேக் பேடிலிருந்து வரும் இரும்புத் தூள் அதில் இருக்கும்.

கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்பதையும் யோசியுங்கள். நம் மாவட்டத்து போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். காய்ந்தால் கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் வெள்ளை வட்டமாக உப்புப் படியும், வெயிலில் அது இறுகிக்கொள்ளும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வைத்திருக்கும் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்பு. சின்ன டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், உங்கள் போர் எவ்வளவு காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதிகமாக இருந்தால் கழுவ மட்டும் அதைப் பயன்படுத்தி, கடைசி 5 லிட்டருக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ ஸ்பிரேயரில் ஊற்றுங்கள். பிறகு டவலை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஏற்கெனவே உப்புத் திட்டு விழுந்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து, உடனே நிறைய தண்ணீர்விட்டு அலசுங்கள்.

பூஜையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வண்டியின் முதல் கறை பெரும்பாலும் பூஜை அன்றுதான் விழுகிறது. மில்லும் ஷாஃப்டும் ஓடிய காலத்திலிருந்து ஆயுத பூஜை இந்த ஊருக்குப் பெரிய நாள். புது வண்டி என்றால் வாங்கிய அன்றே கோயில் வாசலில் ஒரு பூஜை உண்டு. பூஜை செய்யக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. மஞ்சளும் குங்குமமும் பெயின்ட்டில் காய்ந்தால் நிறம் இறங்கிவிடும், வெள்ளை வண்டியில் ஆரஞ்சுத் திட்டாக நிற்கும். ஆகவே பொட்டையும் பட்டையையும் முன் கண்ணாடியின் மேல் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் எதுவும் ஊறாது. பூசாரியிடம் முன்கூட்டியே, "சாமி, கண்ணாடியிலயே வெச்சுடுங்க" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். கற்பூரத் தட்டை பானெட் மேல் வைக்கவே கூடாது. வாழைக்கன்றையும் மாலையையும் செல்லோ டேப் போட்டு ஒட்டாமல் கிரில்லில் நூலால் கட்டுங்கள். பூசணிக்காய் உடைக்கும்போது வண்டியை நாலடி தள்ளி நிறுத்துங்கள், குங்குமம் கலந்த சாறு கதவின் கீழ்ப்பகுதியில் தெறிக்கும். அன்று சாயங்காலமே ஸ்பிரேயர் எடுத்து ஒரு சுற்று. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுநாள் வெயில் வேலையை முடித்துவிடும்.

காக்கை எச்சம், நீலகிரி மரத்துப் பிசின், சீனிவாசபுரத்திலிருந்து கூடையில் கொண்டுவரும் மாங்காயின் பால் மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றே. ஈரத் துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு ஊறவைத்து, தூக்கி எடுக்க வேண்டும். சுரண்டக் கூடாது. டிக்கியில் மாங்காய் வைத்தால் அடியில் தார்ப்பாய் விரியுங்கள்.

வண்டிக்கு மூடி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். லைன் தெருவில், திறந்த வெளியில், வேண்டாம் என்பேன். மூடியின் உள்பக்கமும் தூசி ஏறும். காற்றில் துணி படபடக்கும்போது அந்தத் தூசியை வைத்தே மூலைகளையும் கண்ணாடி ஓரத்தையும் இரவு முழுக்க அரைத்துக்கொண்டிருக்கும். கூரைக் கொட்டகை போட இடம் இருந்தால் அதற்குச் செலவு செய்யுங்கள். மூடி போட்டே ஆக வேண்டுமென்றால் கழுவிக் காய்ந்த வண்டி மேல் மட்டும் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

இனி காசு அதிகம் கேட்கும் விஷயம். டெலிவரி நாளில் விற்பனையாளர் செராமிக் கோட்டிங் பேக்கேஜ் ஒன்றை எடுத்துக் காட்டுவார், 9எச் கடினம் என்பார். அந்த 9எச் பென்சில் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில் முனைகளால் பூச்சைக் கீறிப் பார்ப்பது அது. வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவுகோலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பென்சில் கிராஃபைட்டுக்கு ஈடுகொடுக்கும் பூச்சு நம் குவார்ட்ஸுக்கு ஈடுகொடுக்காது. செராமிக் பூச்சில் பயன் இல்லாமல் இல்லை. தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் விட்டுப்போகும், வெயிலைத் தாங்கும். ஆனால் உலர்ந்த தூசியைத் துடைக்கும் கை மாறாதவரை அந்தப் பூச்சின் மேலும் அதே வட்டக் கோடுகள்தான் வரும். முதல் வருடம் கழுவும் பழக்கத்தைச் சரியாக்குங்கள், அடுத்த வருடம் கோட்டிங்கைப் பற்றி யோசியுங்கள். அதுவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பிரே சீலன்ட், அல்லது கார்னாபா கலந்த வாக்ஸ் போதும். கார்னாபா பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைக்கும் மெழுகு. கையளவு எடுக்க வேண்டாம், விரல் நுனியளவே ஒரு கதவுக்குத் தாங்கும். வாக்ஸ் போட்டால் தூசி விழாமல் இருக்காது. விழுந்த தூசி ஸ்பிரேயர் தண்ணீரில் சுலபமாக நழுவும், நமக்கு வேண்டியது அதுதான்.

புது பெயின்ட்டில் உடனே வாக்ஸ் போடலாமா? போடலாம். தொழிற்சாலையில் கிளியர் கோட்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைத்துத்தான் அனுப்புகிறார்கள். எங்காவது இடித்து வெளியே பெயின்ட் அடித்த பாகத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்கு ஒரு மாதமாவது காற்றாட விட வேண்டும், பெயின்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளே பார் என்ற களிமண் கட்டியைப் புது ஆட்கள் ஆசையாக வாங்கிவிடுகிறார்கள். கழுவிய பானெட் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் கிளே தேவையில்லை. சொரசொரப்பு இருந்தால் மட்டும், நிறைய ஷாம்புத் தண்ணீர் தெளித்து, ஒரு கை அகல இடத்தில் லேசாக ஓட்டுங்கள். கட்டி கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், குப்பையில் போடுங்கள். நம் தரையில் விழுந்த கட்டி ஒட்டியெடுப்பது எதை என்று உங்களுக்கே தெரியும்.

வாட்டர் வாஷ் சென்டருக்குப் போவதில் தப்பில்லை, பிரஷர் தண்ணீர் தூசியை நன்றாகவே இறக்கும். ஆபத்து அதற்கடுத்து வரும் துணியில். காலையிலிருந்து பத்து வண்டி துடைத்த, தரையில் கிடந்த அதே துணி உங்கள் வண்டிக்கும் வரும். இறங்கியதும் சொல்லிவிடுங்கள்: "தம்பி, தண்ணி மட்டும் அடி, துணி போடாத. நான் கொண்டுவந்த டவல் இருக்கு." அவர் விரோதமாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் வேலை மிச்சம். மெஷின் பாலிஷ் இலவசம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின் பழக்கமில்லாத கையில் பானெட் விளிம்பின் கிளியர் கோட்டைச் சில விநாடியில் தின்றுவிடும்.

உள்பக்கத்தைப் பொறுத்தவரை எனக்கு அக்கறை பளபளப்பில் இல்லை, மூச்சில். மிக நுண்ணிய சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிலிகோசிஸ் பற்றிய தொடக்கக் கால இந்திய ஆய்வுகள் கோலார் சுரங்கத் தொழிலாளர்களிடையேதான் நடந்தன. காரின் கால்மிதியைத் தட்டும்போது கிளம்பும் தூசி சுரங்கத் தூசியின் அளவுக்கு வராது. ஆனாலும் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் அதைக் கிளப்பிவிட வேண்டிய அவசியம் இல்லை. கால்மிதியைத் தூணில் அடித்துத் தட்டாதீர்கள், வெளியே எடுத்துத் தண்ணீரில் கழுவுங்கள். டேஷ்போர்டுக்கும் கதவுப் பிளாஸ்டிக்குக்கும் உலர்ந்த துணி வேண்டாம், பிழிந்த ஈரத் துணி. சீட்டுக்கு வேக்குவம். வேக்குவம் இல்லாமல் பிரஷ் போட்டே ஆக வேண்டுமென்றால் நாலு கதவையும் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சீட் மேல் இருக்கும் ஷோரூம் பாலித்தீன் உறையை முதல் வாரத்திலேயே கழற்றிவிடுங்கள். கீழே ஈரம் தங்கி நாற்றம் வரும், தூசியும் மடிப்பில் சேரும்.

மேட்டு ஓரச் சாலையில் போகும்போது கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். 13 மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை தொடங்கி மேட்டைத் தோண்ட ஆரம்பித்தால் காற்றில் தூள் கூடும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருப்பது நல்லது. வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஸ்க்ரூடிரைவர்கூட இல்லாமல் கழற்றலாம். சில அடிப்படை மாடல்களில் அது இருக்காது, மேனுவலைப் பாருங்கள். சர்வீஸ் அட்டவணையில் போட்டிருக்கும் கிலோமீட்டர் சராசரி ஊருக்கானது. இங்கே மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், மடிப்புகள் சாம்பல் நிறமாகி அடைத்திருந்தால் தட்டிவிட்டு மறுபடி போடாமல் புதிது போட்டுவிடுங்கள். பழையதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்படியே குப்பை வண்டியில் போடுங்கள்.